தென்னாப்பிரிக்கா, டர்பன் பூசக் காவடிக் குழு: ஆற்று முழுக்கா, வீட்டு முழுக்கா?

சாட்ஸ்வொர்த் சித்தி: மகளுக்கு இது முதற்காவடி. உம்கேனி ஆற்றங்கரையில் கூடிக் காவடி கட்டுவோம், சரி. ஆனால் அவளை ஆற்றில் முழுகவும் சொல்கிறீர்களா?

பீனிக்ஸ் அண்ணன்: வேண்டாம், சித்தி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் பழுதானதிலிருந்து அந்த ஆற்றில் நான் கால்கூட வைப்பதில்லை.

டோங்காட் பெரியப்பா: அவசரப்பட வேண்டாம். கப்பலேறி வந்த நம் முன்னோர் 1875இல் அம்பலவாணருக்கு உம்பிலோ ஆற்றங்கரையில்தான் கோயில் கட்டினார்கள். நீராடவும் குடம் நிரப்பவும் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று எண்ணியிருப்பார்கள் என்பது என் கருத்து. 1905 வெள்ளம் அந்தக் கோயிலையே கொண்டுபோய்விட்டது. அதில் மீட்ட வாயிற்கதவுகளும் சில விக்கிரகங்களும் 1947இல் எழுந்த பெல்லேர் சாலைக் கோயிலில் இன்றும் இருக்கின்றன.

பீனிக்ஸ் அண்ணன்: பெரியப்பா, சித்தி கேட்டது முழுக்கைப் பற்றி.

டோங்காட் பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன். கலச பூசையில் கங்கை, யமுனை, கோதாவரி, சரசுவதி, நருமதை, சிந்து, காவிரி என ஏழு ஆறுகளையும் மந்திரத்தால் செம்புக்குள் அழைக்கிறோம். குழாய்த் தண்ணீருக்குள் காவிரியே வந்துவிடுகிறாள் என்றால், பிள்ளை வீட்டில் மஞ்சள் நீர் ஆடி வருவதில் குறை ஏதும் இல்லை. கரையில் செய்யும் பூசையை மட்டும் விடக்கூடாது.

வெருலம் அத்தை: என் மகன் காவடி எடுத்தபோது மட்டும் விடியுமுன் மூன்று முறை முழுக வைத்தது ஏன், அண்ணா?

டோங்காட் பெரியப்பா: அப்போது ஆறு வேறு.

வெருலம் அத்தை: பெண்ணும் வேறு போலும்.

சாட்ஸ்வொர்த் சித்தி: அண்ணி, அதை நேரில் பேசிக்கொள்வோம். பால்குடத்துக்குப் பால் வாங்குவது யார்?

பீனிக்ஸ் அண்ணன்: யாராவது ஒருவர் வாங்கினால் போதும். சென்ற ஆண்டு இரு வீட்டார் கொண்டுவந்து, எந்தப் பால் முதலில் முருகனுக்கு என்று தகராறு ஆயிற்று.

டோங்காட் பெரியப்பா: பால் இருக்கட்டும். பூசை முடிந்ததும் வாழையிலை, பூ, வெற்றிலையுடன் நெகிழிப்பையையும் ஆற்றில் எறிகிறோம். முழுகத் தகாத ஆறென்று சொல்லிவிட்டு அதிலேயே குப்பையைக் கொட்டுவது எந்த ஆகமம்? ஆளுக்கொரு சாக்கு கொண்டுவாருங்கள்.

பீனிக்ஸ் அண்ணன்: சாக்கு நான் கொண்டுவருகிறேன்.

வெருலம் அத்தை: எலுமிச்சம்பழம் என் பொறுப்பு. ஆனால் வீட்டு முழுக்கு போதும் என்று குருக்கள் சொன்னால்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

சாட்ஸ்வொர்த் சித்தி: குருக்கள் காலையிலிருந்து தொலைபேசியை எடுக்கவில்லை, அண்ணி. பாலுக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.