டர்பன் வீட்டு ரேட்ஸ்: மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால் மூலையில் போடாதீர்கள்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ரேட்ஸ், அதாவது வீட்டுக்கு நகராட்சி போடும் சொத்து வரி, கட்டி மாளவில்லை என்று குழுவில் சிலர் எழுதியிருந்தீர்கள். தனித்தனியே பதில் போடுவதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். டர்பன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஆஸ்திரேலியா, கனடா போய்விட்ட தம்பிமாரும் தங்கைமாரும் அவசியம் படியுங்கள்.

தமிழ்நாட்டில் ஓட்டு வீடா, மாடி வீடா, எத்தனை சதுர அடி என்று பார்த்துப் பஞ்சாயத்தில் வரி போடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் 2004-ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து வரிச் சட்டப்படி, வீடு சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பதுதான் அடிப்படை. அந்த மதிப்பில் ஒரு ரேண்டுக்கு (தென்னாப்பிரிக்கப் பணம், 100 சென்ட்) இத்தனை சென்ட் என்று நகராட்சிக் கவுன்சில் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் வீதம் வைக்கிறது. ஒரே வகைச் சொத்துக்கு வீதம் எல்லோருக்கும் பொது. பட்ஜெட் வரைவு வரும்போது கருத்துச் சொல்லலாமே தவிர, தனி ஆளாக மனுப் போட்டு அதைக் குறைக்க முடியாது. ஆனால் நம் வீட்டு மதிப்பைத் தப்பாகப் போட்டிருந்தால் திருத்தச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. நம்மவர்கள் பலர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் சண்டை போடுகிறார்கள். அங்கே இருப்பவருக்கு மதிப்பை மாற்ற அதிகாரமே கிடையாது.

தப்பு எப்படி வருகிறது? மதிப்பீட்டாளர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. வான்வழிப் படங்களையும் கம்ப்யூட்டர் கணக்கையும் வைத்து மொத்தமாக மதிப்பிடச் சட்டம் அனுமதிக்கிறது. மேலிருந்து பார்த்தால் தகரக் கொட்டகைகூட அறை மாதிரித்தான் தெரியும். நமக்குத் தெரிந்த அத்தை ஒருவர் வீட்டு விவரத்தை வாங்கிப் பார்த்தபோது, கொல்லைப்புறத்தில் மாமா பழைய மரச்சாமான் போட்டு வைத்திருந்த கொட்டகை 'வெளிக்கட்டட அறை' என்று பதிவாகியிருந்தது. வீட்டின் பரப்பளவும் பிளானில் இருப்பதைவிடக் கூடுதல். பிளான் நகலையும் கொட்டகையின் நாலு போட்டோவையும் இணைத்து ஆட்சேபம் போட்டார், மதிப்பு இறங்கியது. சும்மா 'அநியாயம்' என்று எழுதியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

மதிப்பு 3 லட்சம் ரேண்ட் கூடுதலாக இருக்கிறது, வீதம் ரேண்டுக்கு 1 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,000 ரேண்ட் வீண். பெருநகரங்களில் ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் (எல்லா வீட்டு மதிப்பும் இருக்கிற பதிவு) 4 ஆண்டுக்கு நிற்கும், அரசு அனுமதித்தால் அதற்கு மேலும் நீளும். அப்படியானால் 12,000 ரேண்டுக்குக் குறையாமல் கையை விட்டுப் போகிறது.

புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வந்ததும் நோட்டீஸ் அனுப்புவார்கள். ஆட்சேபிக்கச் சட்டம் தரும் அவகாசம் குறைந்தது 30 நாள். கடைசித் தேதி நோட்டீஸிலேயே இருக்கும், அதை முதலில் காலண்டரில் குறியுங்கள். பிறகு மதிப்பீட்டுத் தேதியை, அதாவது எந்த நாளின் சந்தை விலையை வைத்து மதிப்புப் போட்டார்கள் என்பதை, பாருங்கள், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டர்பனில் 2022 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பட்டியலுக்கு மதிப்பீட்டுத் தேதி 2021 ஜூலை 1. வீடு இன்றைக்கு என்ன விலை போகும் என்பது அங்கே பேச்சே இல்லை. அந்தத் தேதியை ஒட்டி உங்கள் தெருவில், உங்கள் வீடு மாதிரியே இருக்கிற வீடுகள் என்ன விலைக்குக் கைமாறின என்பதுதான் சான்று. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கவுன்சில் கட்டிக் கொடுத்த, பக்கத்து வீட்டோடு ஒரே சுவரில் ஒட்டிய வீட்டை, பக்கத்தில் மாடி எடுத்துப் பெரிதாக்கிய வீட்டோடு ஒப்பிட்டால் உங்களுக்கே பாதகம். மூன்று நாலு விற்பனை விவரம் கிடைத்தால் போதும். வீட்டு ஏஜென்ட் யாரையாவது தெரிந்திருந்தால் எடுத்துக் கொடுப்பார்.

குடியிருப்பா, வணிகமா என்று வீட்டை எந்த வகையில் பதிந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். முன்னறையில் கடை வைத்து மூடி வருஷங்கள் ஆகியும் 'வணிகம்' என்றே பதிவில் இருந்தால் வீதம் எங்கோ போய்விடும்.

ஆட்சேபம் போட்டுவிட்டோமே என்று ரேட்ஸ் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். முடிவு வரும்வரை கட்டியே ஆக வேண்டும். மதிப்பு குறைந்தால் கூடுதலாகக் கட்டியது வட்டியோடு திரும்ப வரும். முடிவு திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் மாற்றப்பட்டால், யாரும் கேட்காமலே அந்த வாரியம் மறுபடி பார்க்கும். அதனால் குறைத்துவிட்டார்கள் என்று காகிதங்களை உடனே குப்பையில் போட வேண்டாம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுவர் போனவர்கள், மண் சரிந்து பின்பக்கத்தை இழந்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். வீட்டின் சந்தை மதிப்பு பெருமளவு விழுந்தால் அடுத்த பொதுப் பட்டியல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சட்டத்தின் 78-ஆம் பிரிவுப்படி துணை மதிப்பீடு (இடையில் உங்கள் வீட்டுக்கு மறுபடி போடும் மதிப்பு) கேட்கலாம். இன்னும் சரிசெய்யாத வீடு இருந்தால் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

எனக்கு மனசு ஆறாதது பெரியவர்கள் விஷயம்தான். ஓய்வூதியக்காரர்களுக்கும் ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் ரேட்ஸ் தள்ளுபடி இருக்கிறது. ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், வீடும் அவர்கள் பெயரில் இருந்து அவர்களே குடியிருக்க வேண்டும். கணவர் பெயரிலேயே பத்திரத்தை விட்டுவிட்டு, அவர் காலமான பின்னும் முழு ரேட்ஸ் கட்டி வருகிற அக்காமார் எத்தனை பேர்! வெளிநாட்டுப் பிள்ளைகளே, அம்மாவிடம் பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அப்பா விட்டுப்போன சொத்தைப் பிரித்து மாற்றும் எஸ்டேட் வேலை முடிந்ததா, பத்திரம் மாறியதா என்று கேளுங்கள். பாக்கியை வளரவும் விடாதீர்கள். பின்னால் வீட்டை விற்கப் போகும்போது, முந்தைய 2 ஆண்டு பாக்கி தீராமல் நகராட்சி கிளியரன்ஸ் சான்று (பாக்கி இல்லை என்கிற சான்று) தராது, அது இல்லாமல் பத்திரம் மாறாது.

வெளியூரில் இருப்பவர்கள் நகராட்சியில் தபால் முகவரியையும் மின்னஞ்சலையும் புதுப்பித்துவிடுங்கள். உங்கள் சார்பில் ஆட்சேபம் போட இங்கே உறவினர் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் போதும். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் நோட்டீஸின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள், கூட உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
டர்பனிலிருந்து உங்கள் அண்ணன்