ஜூடோவில் காலைப் பிடிக்கக் கூடாது என்றால், அது போர்க்கலையா, விளையாட்டா?

கேள்வி: நெல்லைத் தந்தை

என் மகளுக்கு 12 வயது. இரண்டு ஆண்டுகளாக ஜூடோ கற்றுவருகிறாள். சென்ற மாதம் ஒரு போட்டியில், எதிரில் நின்ற பெண் இவளுடைய மேலங்கியின் கழுத்துப் பட்டையைப் பற்றி இழுத்தபோது, இவள் சட்டெனக் குனிந்து அந்தப் பெண்ணின் காலைப் பிடித்து வீழ்த்த முயன்றாள். நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி, விதிமீறல் என்று இவளுக்குத் தண்டனை விதித்தார். உடன் வந்திருந்த என் அப்பா இளம் வயதில் ஊர் ஆசானிடம் சிலம்பம் பழகியவர். "வம்புக்கு வருகிறவனிடம் போய்க் காலைப் பிடிக்காதே என்று யார் சொல்வது? கபடியில்கூடக் காலைப் பிடிக்க விடுகிறார்கள். இதைப் போய்த் தற்காப்புக் கலை என்கிறாயே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போர்க்கலைக்கும் சண்டை விளையாட்டுக்கும் இடையிலான கோடு எங்கே இருக்கிறது? விதிகள் வந்துவிட்டாலே கலை போய்விடுமா?

மறுமொழி 1: பழைய ஜூடோக்காரன்

உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது. ஜூடோ கற்றவர்களே இதைப் பற்றிப் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மகள் செய்ய முயன்றது ஜூடோவுக்கு அந்நியமானதன்று. இரு கைகளாலும் எதிராளியின் கால்களை அள்ளி மல்லாக்க வீழ்த்தும் 'மொரோத்தே காரி' என்ற பிடி, டோக்கியோவில் உள்ள தலைமைக் கூடமான கோடோகன் ஏற்றுக்கொண்டிருக்கும் 68 வீழ்த்துமுறைகளின் பட்டியலில் இன்றும் இருக்கிறது. ஆனால் பன்னாட்டு ஜூடோ கூட்டமைப்பு 2010இல் காலைப் பிடிப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்து, 2013இல் போட்டிகளிலிருந்து அதை முழுவதுமாக விலக்கியது. அந்தப் பிடி பயனற்றது என்றோ, மற்றவற்றைவிட ஆபத்தானது என்றோ யாரும் கருதியதால் அது நடக்கவில்லை. வீரர்கள் இடுப்பை வளைத்துக் குனிந்தே நின்றார்கள். ஆட்டம் மல்யுத்தத்தைப் போலத் தோன்றியது. நிமிர்ந்து நின்று பெரிய வீச்சுகளால் வீழ்த்தும் ஜூடோவைப் பார்வையாளர்கள் காண வேண்டும் என்று கூட்டமைப்பினர் விரும்பினார்கள். நான் கோட்டைப் போடுவது இந்த இடத்தில்தான். ஒரு நுட்பம் வேலை செய்யவில்லை என்பதற்காக அதைக் கைவிடுவது கலையின் வழக்கம். நன்றாக வேலை செய்தாலும் ஆட்டத்தின் அழகுக்குப் பொருந்தவில்லை என்று கைவிடுவது விளையாட்டின் வழக்கம். ஆகவே கோடோகனின் பட்டியல் கலை, போட்டி விதிப்புத்தகம் விளையாட்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் எய்ஷோஜி என்ற கோவிலில், 12 பாய்கள் விரித்த சிறிய இடத்தில் தம் பள்ளியைத் தொடங்கியவர். 1909இலேயே அவர் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர் ஆகிவிட்டார். அப்படியிருந்தும் தம் ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்க அவர் தாமாக முனையவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1938இல் அவர் இறந்தார். ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது 1964இல்.

மறுமொழி 2: கராத்தே மாணவன்

மேலே எழுதிய நண்பர் சொன்ன வரலாற்றை ஏற்கிறேன், அவர் போட்ட கோட்டை ஏற்கவில்லை. விதி வந்ததும் கலை கெட்டது என்ற பேச்சில் பாதிதான் உண்மை. ஜூடோவுக்கு மூலமான பழைய ஜப்பானியச் சண்டைமுறை ஜுஜுத்சு. அதிலிருந்த அடியையும் உதையையும் உயிருக்கு ஆபத்தான பிடிகளையும் 'ரந்தோரி' என்ற தடையற்ற பயிற்சியிலிருந்து முதலில் விலக்கியவரே கானோதான். அவற்றை அவர் தூக்கி எறியவில்லை. 'காத்தா' எனப்படும் வரையறுத்த இணைப் பயிற்சிகளில் பத்திரப்படுத்தினார், அவற்றுள் ஒன்றான கிமே நோ காத்தாவில் குறுவாளுக்கும் வாளுக்கும் எதிரான முறைகள் இன்றும் உண்டு. ஆபத்தானவை விலகியதால்தான் மாணவன் தன் முழு பலத்தோடும், விட்டுக்கொடுக்காத ஒருவனோடு, நாள்தோறும் பழக முடிந்தது. கண்ணைக் குத்தும் முறையை இருபது ஆண்டுகள் காற்றில் பழகியவனைவிட, எதிர்ப்பவனை ஆயிரம் முறை உண்மையாகவே தூக்கிப் போட்டவன் சண்டையில் தேறுவான் என்பது என் துணிபு. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில் (வெவ்வேறு சண்டைமுறைக்காரர்கள் மோதிக்கொள்ளும் போட்டி), பெரிய உடற்கட்டு இல்லாத ரோய்ஸ் கிரேசி வென்றதற்கும் அடிப்படை இதுவே. அவர் பழகிய பிரேசில் ஜியு ஜிட்சு ஜூடோவிலிருந்து கிளைத்து, முழு எதிர்ப்போடு பழகும் வழக்கத்தை விடாமல் வைத்திருந்த ஒன்று.

அப்படியானால் வேறுபாடு எங்கே? எதை வெற்றி என்கிறோம் என்பதில் இருப்பதாக நினைக்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கின் கராத்தே இறுதிப் போட்டி ஒன்றை (2021 ஆகஸ்ட், 75 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவு) பலரும் பார்த்திருப்பீர்கள். சவூதியின் தாரெக் ஹமேதி முன்னிலையில் இருந்தபோது விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஸாதே நினைவிழந்து விழுந்தார். நடுவர்கள் அளவுக்கு மீறிய தாக்குதல் என்று ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கம் கிடைத்தது. விளையாட்டு என்றால் இப்படித்தான் கேலிக்கூத்தாகும் என்று அன்று இணையத்தில் சிரித்தார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றியது. எதிராளியின் உடலைத் தொடும் தருணத்தில் அடியை நிறுத்தத் தெரிந்தவனே தேர்ந்தவன் என்பது எங்கள் கூடத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அந்தத் தீர்ப்பில் சண்டையின் கணக்கு தோற்றது, கலையின் கணக்கு விதிப்புத்தகத்தின் வழியாகவே வென்றது. மூங்கில் வாளால் ஆடும் ஜப்பானிய வாட்கலையான கெண்டோவில், வெட்டு சரியாக விழுந்த பிறகு கையை உயர்த்திக் கொண்டாடினால் அந்தப் புள்ளியையே நடுவர் திரும்பப் பெறலாம். குத்துச்சண்டையில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா?

மறுமொழி 3: குமரிக்காரன்

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் முதலில். நாம் 'தற்காப்புக் கலை' என்று எழுதிப் பழகிவிட்டதால், தெருச் சண்டையில் உதவுமா என்பதே அளவுகோலாகிவிட்டது. போர்க்கலை என்றால் அதற்குள் காப்பும் தாக்குதலும் மட்டுமின்றி வேறு பலவும் அடங்கும்.

எங்கள் குமரிப் பக்கத்துப் பழைய சண்டைக்கலையான அடிமுறையின் ஆசான்களிடம் வர்மம் கற்கப் போனால், எந்த இடத்தில் தட்டினால் ஆள் விழுவான் என்பதோடு, விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறையையும் கற்றாக வேண்டும்; எண்ணெய், தடவுமுறை, எலும்பு முறிவுக்குக் கட்டு எல்லாம் அந்தப் படிப்பின் பகுதிகள். ஆசானே ஊருக்கு வைத்தியரும் ஆவார். எந்தப் போட்டியிலும் இதற்குப் புள்ளி கிடையாது, ஆதலால் போட்டிக்காக மட்டும் பழகுகிற இடத்தில் இது முதலில் உதிர்ந்துவிடும். உங்கள் அப்பா பழகிய சிலம்பத்திலும் இதே மாற்றம் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. எனக்கும் மகிழ்ச்சிதான், பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். ஆனால் கம்பு உடலைத் தொட்டால் புள்ளி என்ற கணக்கு வந்ததும், எலும்பை முறிக்கும் அளவுக்குக் கனமான அடியும் ஓரமாக உரசிச் செல்லும் தொடுகையும் ஏறத்தாழ ஒரே மதிப்பைப் பெற்றுவிடுகின்றன. வேகம் உள்ளவன் கனத்த வீச்சைக் கற்க மெனக்கெடுவதில்லை. டேக்வாண்டோவில், உதை பட்டதும் தானே புள்ளியைப் பதியும் மின்னணுக் கவசம் வந்த பிறகு முன்காலைத் தூக்கி வைத்தபடியே உதைத்துத் தொடும் ஆட்டம் பெருகியதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: அவர் காலத்தில் திருவிழாவில் சிலம்பம் ஆடியபோது எந்த விதியும் இல்லையா? கீழே விழுந்தவனை யாரும் அடித்திருக்க மாட்டார்கள்.

கேட்டவரின் பதில்: நெல்லைத் தந்தை

மூவருக்கும் நன்றி. கேட்டேன். "விழுந்தவனை அடித்தால் ஆசான் கம்பைப் பிடுங்கிக்கொள்வார்" என்றார், பிறகு சற்று நேரம் பேசவில்லை.

மகளின் பயிற்சியாளரிடம் காத்தா கற்றுத்தருவீர்களா என்றும் விசாரித்தேன். மாவட்டப் போட்டியில் அதற்கு ஆள் சேர்வதில்லை என்றும், கறுப்புப் பட்டைத் தேர்வு நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மொரோத்தே காரியைப் பற்றிக் கேட்டதற்கு, பழகிவிட்டால் போட்டியில் கை தானாகக் காலுக்குப் போய்விடும், வேண்டாம் என்றார்.