பிளாட் பெடலுக்கு எந்தச் சப்பாத்து? கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் சுங்கை சிப்புட். பழைய ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள) மவுண்டன் பைக் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஞாயிறு காலையில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில்தான் ஓட்டிப் பழகுகிறேன்.

மழை பெய்த மறுநாள் லோரித் தடம் முழுக்கச் சேறு. வண்டியோடு வந்த மொழுமொழு பெடலில், ஓடுவதற்குப் போடும் சப்பாத்து வழுக்கி, பெடல் சுழன்று வந்து கெண்டைக்கால் முன்னெலும்பில் விளாசுகிறது. நல்ல வலி!

சப்பாத்தைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் இப்போதைக்கு வேண்டாம். சேற்றில் சட்டென்று காலை ஊன்ற வேண்டியிருக்கிறதே. பூட்டாத தட்டைப் பெடலான பிளாட்தான், ஆனால் நைலானா அலுமினியமா? நைலான் விலை குறைவு, கல்லில் இடித்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். அலுமினியத்தில் பிடிமான ஆணிகள் மெல்லியவை, கூர்மையானவை. தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். அந்தக் கூர்மை காலில் பட்டால் என்ன கதி என்பதுதான் என் பயம்.

சப்பாத்துக்கு ஃபைவ் டென் ஃப்ரீரைடர் என்ற சைக்கிள் சப்பாத்தின், நன்றாகப் பிடிக்கும் ஸ்டெல்த் ரப்பர் அடிப்பாகத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். என் பட்ஜெட் பெடலும் சேர்த்து 350 வெள்ளிதான் (ரிங்கிட்). தட்டையான அடிப்பாகம் உள்ள சாதாரண ஸ்கேட் சப்பாத்து போதுமா? நனைந்தால் மறுநாளைக்குள் காயுமா? என் பாதம் வேறு அகலம்.

பெடல் மாட்டுவதை நானே பார்த்துக்கொள்வேன், இடப்பக்க மரை எதிர்த்திசை என்பது தெரியும். ஈப்போ பக்கம் சப்பாத்தைப் போட்டுப் பார்த்து வாங்கக் கடை இருந்தால் சொல்லுங்கள். பழைய சப்பாத்தை விற்பவர்களும் என்னிடம் கேட்கலாம், என் அளவு யூகே 9.