ரஷ்ய மொழிக்காரர்களுக்கு இங்கிலீஷ் வினைச்சொல்: 'இங்' வேண்டிய இடத்தில் வரவில்லை, வேண்டாத இடத்தில் வருகிறது

மாந்தோப்பு டீச்சர் (கிருஷ்ணகிரி)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே ஆன்லைனில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். இப்போது என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். கஜகஸ்தானில் அல்மாட்டி நகரத்தில் கணக்கு எழுதும் ஒரு அம்மா, ரஷ்யாவில் கசான் நகரத்தில் ஒரு காலேஜ் பையன், இன்னும் சிலர். அல்மாட்டிக்கும் நமக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம், கசான் என்றால் இரண்டரை மணி நேரம். அதனால் நேரத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் வினைச்சொல்லில்.

நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று எனக்கு அத்துப்படி. எதற்கெடுத்தாலும் 'இங்' சேர்ப்பார்கள். 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' வகையறா. இவர்கள் அப்படியே தலைகீழ். போன வாரம் கேமராவைத் தெருப்பக்கம் திருப்பினேன். எதிர் மண்டியில் பெங்களூரா மாங்காயை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கூடையைத் தூக்கித் தர, மேலே நிற்பவர் வாங்கிக் கொட்டுகிறார். 'வாட் ஆர் தே டூயிங்?' என்று அல்மாட்டி அம்மாவைக் கேட்டேன். 'தே லோட் மேங்கோஸ்' என்கிறார். கேள்வியிலேயே 'டூயிங்' என்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அப்படியும் வரவில்லை.

சரி, 'இங்' அவர்களுக்கு வராது என்று முடிவு கட்டலாம் என்றால், கசான் பையன் அதையும் கெடுத்தான். 'ஹேவ் யூ ரெட் திஸ் ஸ்டோரி?' என்று கேட்டேன். 'யெஸ், ஐ வாஸ் ரீடிங்' என்றான். பாதியில் நிற்கிறான் போல என்று நினைத்து மேலே கேட்டால், கடைசி வரி வரைக்கும் கதை சொல்கிறான்!

இன்னொன்று. 'ஆம்', 'ஈஸ்' இரண்டையும் விழுங்கிவிடுகிறார்கள். 'ஐ அக்கவுண்டன்ட்', 'மை சன் டாக்டர்'. ஆனால் 'வாஸ்' மட்டும் ஒழுங்காக வருகிறது. இது என்ன கணக்கு?

பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை கொடுத்தாயிற்று, யாரும் அதைச் சொல்ல வேண்டாம். அட்டவணையை என்னைவிட நன்றாக ஒப்பிக்கிறார்கள். பேச ஆரம்பித்தால் பழைய குருடி கதவைத் திறடிதான். எனக்கு ரஷ்யன் தெரியாது. என்ன பயிற்சி கொடுக்கலாம்?

செகண்ட் ஷிஃப்ட் (ஓசூர்)

மேடம், தினம் ஐம்பது வாக்கியம் எழுதச் சொல்லுங்கள், தானாக வரும். எங்கள் லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடுகிறது. யாரும் இலக்கணம் பார்த்துப் பேசுவதில்லை, வேலை நிற்கவும் இல்லை.

தகடூர் டாக்டர் (தர்மபுரி)

ஐம்பது வாக்கியமும் 'தே லோட்' என்றே எழுதினால் என்ன செய்வது அண்ணா?

அக்கா, நான் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவன். அங்கே வார்டில் நோயாளியிடம் ரஷ்யனில்தான் பேசியாக வேண்டும், அதனால் அந்த மொழி கொஞ்சம் உள்ளே இறங்கிவிட்டது. நீங்கள் கேட்ட மூன்றுக்கும் அவர்கள் மொழியிலேயே காரணம் இருக்கிறது.

ரஷ்யனில் நிகழ்காலத்துக்கு ஒரே உருவம்தான். 'சித்தாயு' என்றால் 'தினமும் படிக்கிறேன்' என்றும் ஆகும், 'இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்' என்றும் ஆகும். நமக்குக் 'கொண்டிரு' இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. அதனால் அந்த அம்மா காதில் 'தே லோட்' முழுசாகத்தான் ஒலிக்கும், எதுவும் குறைவதாகத் தெரியாது.

கசான் பையன் கதை வேறு. ரஷ்ய வினைகள் பெரும்பாலும் ஜோடியாக வரும். 'சித்தாத்' என்றால் படிப்பது, 'ப்ரசித்தாத்' என்றால் படித்து முடிப்பது. முதல் வகை, அந்த வேலை நடந்தது என்று மட்டும் சொல்லும், முடிந்ததா இல்லையா என்பதில் அதற்கு அக்கறை கிடையாது. 'இந்தக் கதை படித்திருக்கிறாயா?' என்று அனுபவத்தை விசாரித்தால் பதில் பெரும்பாலும் முதல் வகையில்தான் வரும்: 'சித்தால்'. பள்ளிக்கூடத்தில் யாராவது முதல் வகைக்கு 'வாஸ், இங்', இரண்டாம் வகைக்கு 'ஹேவ்' என்று ஈடு கட்டிக் கொடுத்திருப்பார்கள். பையன் அதை நம்பி 'வாஸ் ரீடிங்' என்கிறான். அந்த ஈட்டை முதலில் உடையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

'ஆம், ஈஸ்' விஷயம் நமக்கே புரியும். 'நான் டாக்டர்' என்கிறோம், நடுவில் ஒன்றும் இல்லை. 'டாக்டராக இருந்தேன்' என்னும்போது 'இரு' வந்துவிடுகிறது. அங்கேயும் அதே கதைதான். நிகழ்காலத்தில் ஒன்றுமில்லை, இறந்தகாலத்தில் 'பில்' வரும். 'வாஸ்' மட்டும் ஒழுங்காக வருவதற்கு இதுதான் காரணம்.

ஒரு சுவாரஸ்யம் சொல்கிறேன், பயிற்சிக்கு உதவாது, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய ரஷ்யனில் பெர்ஃபெக்ட், அதாவது இங்கிலீஷில் 'ஹேவ்' போட்டுச் சொல்கிற மாதிரி ஒரு காலம், இருந்தது. 'ஆம்' மாதிரி ஒரு துணைவினையும் ஒரு எச்சமும் சேர்ந்து வரும். காலப்போக்கில் துணைவினை உதிர்ந்துபோய், மிச்சம் நின்ற எச்சமே இன்றைக்கு இறந்தகாலம். அதனால்தான் அவர்கள் இறந்தகால வினையில் நான், நீ என்ற வேறுபாடு கிடையாது, ஒருமை பன்மை வேறுபாடும், ஒருமையில் ஆண் பெண் போன்ற பால் வேறுபாடும்தான் உண்டு. ஆண் சொன்னால் 'சித்தால்', பெண் சொன்னால் 'சித்தாலா'. நீங்கள் வகுப்பில் தேடுகிற 'ஆம்', 'ஹேவ்' இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வாசல் வழியாக வெளியே போனவை.

இப்போது பயிற்சி. ரஷ்யனில் 'இங்' வேறுபாடு தெளிவாகத் தெரிகிற ஒரு மூலை இருக்கிறது: போவது, ஓடுவது, பறப்பது போன்ற வினைகள். 'யா இதூ' என்றால் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். 'யா ஹஜூ' என்றால் வழக்கமாகப் போய்வருகிறேன். முதலாவது 'ஐ ஆம் கோயிங்', இரண்டாவது 'ஐ கோ'. 'நாளைக்கு நாடகத்துக்குப் போகிறேன்' என்று திட்டம் சொல்வதற்கும் அவர்கள் 'இதூ' போடுவார்கள், இங்கிலீஷும் 'ஐ ஆம் கோயிங் டுமாரோ' என்கிறது. ஆக, மாங்காய் லாரியில் ஆரம்பிக்காதீர்கள். 'கோ, ரன், ஃப்ளை' மூன்றையும் வைத்து ஆரம்பித்து, அது வாயில் ஏறிய பிறகு லாரிக்கு வாருங்கள். 'இதூவா, ஹஜூவா?' என்று கேட்டாலே போதும், அந்த அம்மா சட்டென்று பிடித்துக்கொள்வார்.

சாக்பீஸ் சார் (பாலக்கோடு, ஓய்வு)

டாக்டர் தம்பி சொன்ன காரணங்கள் சரி. ஆனால் 'இதூவா, ஹஜூவா' என்பதை ஒரு வகுப்போடு நிறுத்திவிடுங்கள் அம்மா. விட்டால் மாணவர் ரஷ்யனில் யோசித்து இங்கிலீஷுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார், பேச்சு நொண்டும். தமிழை வைத்து இங்கிலீஷ் நடத்தி நானே பார்த்திருக்கிறேன், பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் பையன்களுக்கு அந்த ஊன்றுகோல் தேவைப்பட்டது.

'ஹேவ்' பற்றிச் சொல்கிறேன். அதன் பொருளை விளக்க இறங்காதீர்கள், விளக்கி முடியாது. காலச் சொல்லைப் பிடியுங்கள். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019' என்று முடிந்துபோன காலம் வந்தால் 'ஹேவ்' கிடையாது. 'எவர்', 'யெட்' இருந்தால் 'ஹேவ்' போடலாம். ஒற்றை வாக்கியமாகப் பயிற்சி கொடுக்காமல் உரையாடலாகக் கொடுங்கள். இங்கிலீஷ்காரன் 'ஹேவ்' போட்டுக் கதவைத் திறப்பான், உள்ளே வந்ததும் சாதாரண இறந்தகாலத்துக்கு மாறிவிடுவான். உங்களையே அவர்கள் பேட்டி எடுக்கட்டும்:

'ஹேவ் யூ எவர் பீன் டு ஒகேனக்கல்?'
'யெஸ், ஐ ஹேவ்.'
'வென் டிட் யூ கோ?'
'ஐ வென்ட் லாஸ்ட் ஆடி.'
'டிட் யூ டேக் எ பரிசல்?'
'நோ. தி வாட்டர் வாஸ் டூ ஹை.'

முதல் கேள்வியில் மட்டும்தான் 'ஹேவ்'. இரண்டாம் கேள்வியில் யாராவது 'வென் ஹேவ் யூ கான்' என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, முதல் வரியிலிருந்து திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். பரிசல் என்றால் என்ன, ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்பார்கள். அது போனஸ். பிறகு நீங்கள் அவர்கள் ஊரைப் பற்றிக் கேளுங்கள்.

'ஐ லிவ் ஹியர் ஃபைவ் இயர்ஸ்' என்பதும் வரும், காத்திருங்கள். நாம் 'ஐந்து வருஷமாக இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வது போலத்தான் அவர்களும் சொல்கிறார்கள். அதற்கு ஒரே மருந்து, 'ஹவ் லாங் ஹேவ் யூ...' என்ற கேள்வியை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் கேட்பது.

மாந்தோப்பு டீச்சர் (கிருஷ்ணகிரி)

டாக்டர் தம்பிக்கும் சாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டையும் கலந்து செய்தேன். 'இதூ, ஹஜூ' என்று நான் சொன்னதும் அல்மாட்டி அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், என் உச்சரிப்பைத் திருத்தவே கொஞ்ச நேரம் போயிற்று. ஆனால் பிடித்துக்கொண்டார். 'தே ஆர் லோடிங்' வந்துவிட்டது. வந்த கையோடு 'ஐ ஆம் வான்ட்டிங் டீ' என்றும் ஆரம்பித்திருக்கிறார். இந்த வியாதிக்கு மட்டும் என்னிடம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த பழைய மருந்து கைவசம் இருக்கிறது.

ஒகேனக்கல் பேட்டி நன்றாகவே ஓடியது சார். கசான் பையன் பரிசலை விட்டுவிட்டு மீன் வறுவலுக்குள் போய்விட்டான். 'ஹேவ்' மட்டும் முதல் வரியோடு நின்றது, நீங்கள் சொன்னபடியே.

புதிதாக இரண்டு. 'ஆம்' வராது என்றேனே, 'ஐ ஆம் அக்ரீ' என்பதில் மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் 'இஃப் ஐ வில் ஹேவ் டைம்', 'வென் ஐ வில் கம்'. இதை எல்லோருமே சொல்கிறார்கள்.

தகடூர் டாக்டர் (தர்மபுரி)

'அக்ரீ'க்கு அவர்கள் சொல்வது 'சக்லாசின்'. அது வினையே கிடையாது அக்கா, பெயரடை. 'ஐ ஆம் ஹேப்பி' மாதிரி நினைத்துக்கொண்டு 'ஆம்' போடுகிறார்கள். 'ஐ அக்ரீ, ஐ டோன்ட் அக்ரீ, டூ யூ அக்ரீ?' மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்தால் போதும். 'டோன்ட்' வாயில் வந்துவிட்டால் 'ஆம்' தானாகக் கழன்றுவிடும்.

'இஃப் ஐ வில்' அவ்வளவு சுலபமில்லை. ரஷ்யனில் 'நான் வருவேன் என்னும்போது உன்னைக் கூப்பிடுவேன்' என்கிற மாதிரி இரண்டு பக்கமும் எதிர்காலம் போட்டுத்தான் பேசுவார்கள். நாம் 'வந்ததும்', 'வந்தால்' என்று முடித்துவிடுகிறோம், அதனால் நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் 'வில்' அவ்வளவாகத் தோன்றாது. இதற்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். 'இஃப்', 'வென்', 'அன்டில்' மூன்றையும் சேர்த்தே எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் 'இஃப்'பில் திருந்தி 'அன்டில்'லில் மறுபடியும் 'வில்' போடுவார்கள்.