‘நாலெட்ஜ்’ என்ற சொல்லுக்கு முன் ‘எ’ (a) வரலாமா?

கேள்வி (பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்):
ஓசூரில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு விண்ணப்பம் எழுதும்போது ‘ஐ ஹேவ் எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலீஷ்’ என்று எழுதினேன். எண்ண முடியாத பெயர்ச்சொல்லுக்கு முன் ‘எ’ வரவே கூடாது என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்ததால், அந்த ‘எ’யை அடித்துவிட்டேன். பிறகு அகராதியில் பார்த்தால் அங்கே ‘எ குட் நாலெட்ஜ்’ என்றே இருக்கிறது. அப்படியானால் ‘எ குட் அட்வைஸ்’ என்றும் எழுதலாமா?

பதில் 1 (கிருஷ்ணகிரி, ஆங்கில ஆசிரியர்):
தம்பி, நீங்கள் முதலில் எழுதியதே சரி. அறிவு என்று பொதுவாகச் சொல்லும்போது ‘எ’ வராது. ஆனால் எப்படிப்பட்ட அறிவு, எதைப் பற்றிய அறிவு என்று ‘குட்’, ‘ஆஃப் இங்கிலீஷ்’ போன்ற சொற்கள் அதற்கு ஓர் எல்லை வகுத்துவிட்டால், அந்த அளவும் தன்மையும் கொண்ட ஒன்று என்ற பொருளில் ‘எ’ வந்து சேர்கிறது. ‘எ டீப் அண்டர்ஸ்டாண்டிங்’, ‘எ லவ் ஆஃப் மியூசிக்’ ஆகியவையும் இவ்வாறு அமைந்தவையே.

ஆனால் இதை எல்லாச் சொற்களுக்கும் நீட்டிவிடாதீர்கள். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், ப்ராக்ரஸ் ஆகியவை எந்த அடைமொழி வந்தாலும் ‘எ’யை ஏற்பதில்லை. ‘ஓர் அறிவுரை’, ‘ஒரு தகவல்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லிப் பழகியிருப்பதால் நம் மாணவர்கள் இங்கேதான் மிகுதியாகத் தவறுகிறார்கள். ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்றோ ‘சம் குட் அட்வைஸ்’ என்றோ எழுத வேண்டும்.

பதில் 2 (ஓசூர்):
சொல்லைவிட அது அந்த இடத்தில் தரும் பொருளைப் பார்ப்பது நல்லது என்பேன். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாம்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: முழுப் பழம் ஒன்று ‘எ மேங்கோ’, கூழாகிப் பழச்சாற்றில் கலந்துவிட்டால் ‘எ’ இல்லாமல் வெறும் ‘மேங்கோ’. கடையில் ‘எ காஃபி’ என்று கேட்டால் ஒரு கோப்பை காபி என்று பொருள். விண்ணப்பம் என்பதால் இதையும் சொல்கிறேன்: பணி அனுபவத்தைக் குறிக்க ‘ஆன் (an) எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் டூ இயர்ஸ்’ என்று நம்மில் பலர் எழுதுவது தவறு, ‘டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ போதும். வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்வைச் சொல்லும்போதுதான் ‘ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ பொருந்தும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி ஐயா. நான் அந்த இரண்டாவது தவறையும் செய்திருந்தேன். ‘நாலெட்ஜ்’ முன் ‘எ’யைத் திரும்பச் சேர்த்து, ‘எக்ஸ்பீரியன்ஸ்’ முன் இருந்த ‘ஆன்’ஐ நீக்கிவிட்டேன், விண்ணப்பத்தை நாளை அனுப்புகிறேன்.