விநாடி முள் இரண்டிரண்டாகத் தாவுவது பழுதா?

வடசேரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தாம் கட்டியிருந்த கிராண்ட் சீக்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்துச் சென்றார். உள்ளே இருப்பது 9எஃப் மிஷின். நான்கு மாதங்களில் அது மூன்று விநாடி முந்தியிருக்கிறது. போன வாரத்திலிருந்து விநாடி முள் சற்று நின்று, இரண்டு கோடுகளைச் சேர்த்தே தாண்டுகிறது. நாகர்கோவிலில் நான் காட்டிய கடையில், மிஷின் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். என் பழைய வாட்சும் குவார்ட்ஸ்தான். இதற்கு மட்டும் ஏன் இத்தனை விலை என்பதும் விளங்கவில்லை.

தக்கலை ஆசிரியர்:
மிஷின் போகவில்லை, ஐயா; செல் தீரப்போகிறது. அதைச் சொல்வதற்காகவே முள் அப்படித் தாவும்படி அமைத்திருக்கிறார்கள். தாவினாலும் நேரம் பிசகாது. அந்தச் செல்லின் ஆயுளே சுமார் மூன்று ஆண்டுதான்.

மூன்று விநாடி முந்தியதும் குறையன்று. ஆண்டுக்குப் பத்து விநாடி வரை முந்தலாம், பிந்தலாம் என்பதே 9எஃப்-க்குச் சொல்லப்பட்ட அளவு. சாதாரண குவார்ட்ஸில் மாதத்துக்கே பதினைந்து விநாடி போகும். இரண்டிலும் இசைக்கவை வடிவில் வெட்டிய படிகம்தான் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆனால் அந்தப் படிகம் 25 பாகை செல்சியஸை ஒட்டித்தான் முழு வேகத்தில் அதிரும். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகிவிடும். சித்திரை வெயிலில் 35 பாகை ஏறிய மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் சாதாரண வாட்ச், நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி கூடுதலாகப் பிந்தும். 9எஃப் மிஷினோ நாளுக்கு 540 முறை, அதாவது 160 விநாடிக்கு ஒரு முறை, வெப்பத்தை அளந்து அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டுகிறது. படிகத்தையும் மூன்று மாதம் மின்னோட்டத்தில் வைத்துப் பக்குவப்படுத்திய பின்பே தேர்ந்தெடுக்கிறார்கள். விலையில் பாதி இதற்கென்றால், மீதி முள்ளுக்கு. புதுச் செல் போட்டபின் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: அகலமான, கனமான முள் கோட்டின்மேல் நடுங்காமல் வந்து நிற்கும். விநாடிக்கு இரண்டு துடிப்பு கொடுத்து அதைத் தள்ளுவதும், பற்சக்கர இடைவெளியால் வரும் ஆட்டத்தை ஒரு மெல்லிய சுருள்வில் அடக்குவதும்தான் காரணம்.

ஒன்றைக் கேட்க வேண்டும்: எதனோடு ஒப்பிட்டீர்கள்? அந்தக் காலத்தில் வானொலிச் செய்திக்கு முன் வரும் 'பீப்' ஒலிக்குத்தான் நாங்கள் முள்ளைத் திருத்துவோம். அதே வானொலியைக் கைப்பேசியில் இணையம்வழி கேட்டால் ஒலி பல விநாடி தாமதித்தே வரும்.

குளச்சல்காரன்:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்று. செல் மாற்றும்போது பின்மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றி, நீர்புகா சோதனை செய்து தருகிறவர்களிடம் மட்டும் கொடுங்கள். நான் அதைக் கவனிக்காமல் வேறொரு வாட்சைத் திறக்கக் கொடுத்தேன். எங்கள் உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் உள்ளே பச்சை பூத்துவிட்டது.

வடசேரிவாசி:
மிக்க நன்றி. நான் ஒப்பிட்டது கைப்பேசி வானொலியோடுதான்! திருவனந்தபுரத்தில் செல்லும் வளையமும் மாற்றிவிட்டேன். முள் இப்போது கோடு கோடாகவே நகர்கிறது.