அடோர்வாஸ்டாடின் 20 போட்டும் எல்டிஎல் 128-க்குக் கீழே இறங்கவில்லை

குடியாத்தம். அம்மாவுக்கு வயது 58, பிரஷர் உண்டு, சர்க்கரை இல்லை. பிப்ரவரியில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 172. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரை 20 மி.கி. ஆரம்பித்து மே மாதம் பார்த்தால் 128. இந்த அளவுக்கு வழக்கமாக 40 சதவீதம் வரை இறங்கும், இங்கே கால்வாசிதான்.

மாத்திரை விடுபடவில்லை, அட்டையை எண்ணியாச்சு. கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடிய வேறு காரணங்களும் பார்த்தாச்சு: தைராய்டு டெஸ்ட் (டிஎஸ்எச்) நார்மல். சிறுநீரில் புரதம் போகவில்லை. ராத்திரி போடுவதைக் காலைக்கு மாற்றச் சொல்லாதீர்கள், அடோர்வாவுக்கு நேரம் பெரிய விஷயமில்லை.

மிச்சம் அடுப்படிதான். பொரியல், தாளிப்பு, பூரி எல்லாமே ரேஷன் பாமாயில். நாலு பேருக்கு மாதம் 4 லிட்டர். பூரி சுட்ட எண்ணெய் மறுநாள் வறுவலுக்குப் போகிறது. பாமாயிலில் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) 40 சதவீதத்துக்கு மேல், கடலை எண்ணெயில் ஏறக்குறைய அதில் பாதி. கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ரிசெப்டாரை மாத்திரை கூட்டுகிறது, நிறைகொழுப்பு அதையே குறைக்கிறது. சாயங்காலம் பேக்கரி பப்ஸ் வேறு. அந்த வனஸ்பதி வீட்டு எண்ணெய்க் கணக்கிலேயே வராது.

மாத்திரையை 40 ஆக்கினாலும் கூடுதலாக 6 சதவீதம் போலத்தான் இறங்கும். அதனால் எண்ணெயை முதலில் மாற்றிப் பார்க்க டாக்டரும் சரி என்றார். இந்தப் பக்கம் செக்குக் கடலை எண்ணெய்க்குப் பஞ்சமில்லை.

டயட்டீஷியன்கள் சொல்லுங்கள்: மாத்திரை 20-லேயே இருக்க, கடலை எண்ணெய்க்கு மாறி மாதம் 2 லிட்டரில் நிறுத்தினால், எத்தனை வாரம் கழித்து லிப்பிட் டெஸ்ட் எடுத்தால் வித்தியாசம் நம்பகமாகத் தெரியும்?